கொய்னாக் கசப்பும் ஒரு பெரிய புனாயும்

ஆஸ்பத்திரியில் இப்போது வேலை பார்க்கிற பெண்கள் சிலர் போன மாதம் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். சாப்பிட மறுக்கிற நோயாளிக்கு மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கஞ்சி இறக்குகிறார்களாம். ஒருத்தி கேட்டாள், "ஒங்க காலத்துல குழாய் ஏதுங்க? எப்படி ஊட்டுனீங்க?" இன்னொருத்தியின் வீட்டுக்காரர் காட்டு இலாகாவில் இருக்கிறார். அவள் சொன்னாள், "பெரிய பச்சைப் புறா ஒண்ணு, மலாய்க்காரங்க புனாய்னு சொல்வாங்களே, அதுலயே பெரிசு, அது இப்ப நம்ம பக்கம் கண்ணுலயே படறதில்லையாம். நீங்க பார்த்திருக்கீங்களா?"

பார்த்தேனா! அதன் மூக்கை என் வாய்க்குள் வாங்கினவள் நான்.

சொன்னேன். பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் நம்பவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். மெதுவாகத்தான் போகும். படிக்கிறவர்களும் மெதுவாகப் படிக்கட்டும்.

லாபிஸிலிருந்து உள்ளே போனால், ரயில் ரோட்டுக்கு அந்தப் பக்கம், எங்கள் ரப்பர் தோட்டம். ஊரிலிருந்து மலாய் நாட்டுக்குக் கப்பலில் வந்து இறங்கியபோது எனக்குக் கல்யாணமாகிச் சில மாதம்தான். வந்ததும் புல் வெட்டினேன். வீட்டுக்காரர் காய்ச்சலில் போனார். அவரைக் கிடத்தியிருந்த ஆஸ்பத்திரியிலேயே எனக்கு ஆயா வேலை கிடைத்தது. தாயில்லாத குழந்தைகளுக்குத் துணித்திரியில் பால் சொட்டவிடக் கற்றேன். பல் கிட்டிப்போனவர்களின் கடைவாயில் விரல் கொடுத்துக் கஞ்சி இறக்கக் கற்றேன். படித்த படிப்பு அவ்வளவுதான். ஆனால் ஒன்று சொல்வேன், என் கையில் வந்த யாரும் பட்டினியால் சாகவில்லை. நோயால் செத்தார்கள், பட்டினியால் இல்லை. இதைத் தோட்டத்தில் எந்த லயத்து வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள்.

எனக்கு மேலே இருந்தவர், தோட்டத்துக்கு டாக்டர் மாதிரி, டிரஸ்ஸர் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டு, நெற்றி நிறைய விபூதி, மெழுகு தடவி முறுக்கிய மீசை. சுத்த சைவம். முட்டை வைத்த தட்டை மேசையில் வைத்தால் மேசையையே கழுவச் சொல்வார். தண்ணீரை அண்ணாந்துதான் குடிப்பார். டம்ளர் உதட்டில் பட்டு நான் பார்த்ததில்லை. சத்தம் போட மாட்டார். தப்பு செய்தால் பக்கத்தில் வந்து, "விளங்குதோ?" என்று மட்டும் கேட்பார். அதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம்.

காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தி அவர் கொய்னா மருந்து கொடுப்பார். அந்தக் காலத்தில் லாபிஸ் பக்கம் மலேரியா அப்படி. காட்டை வெட்ட வெட்டக் கொசு கூடியது. மருந்து தண்ணியாக இருக்கும், கசப்பு தொண்டைக்கும் கீழே போகும். குடித்ததும் சாய்ந்தரம் வரைக்கும் வெல்லம் தின்றாலும் கசக்கும். சிலர் வாயில் அடக்கிக்கொண்டு போய் ரப்பர் மரத்தடியில் துப்புவார்கள். அதனால் ஐயா ஒரு வழக்கம் வைத்திருந்தார். குடித்தவன் அவர் முன்னால் தன் பேரையும் அப்பன் பேரையும் சொல்ல வேண்டும். வாயில் மருந்து இருந்தால் பேர் வராது. குவளை பிடிப்பதும், யார் கன்னம் உப்பியிருக்கிறது என்று பார்ப்பதும் என் வேலை. நான் பார்த்து ஒருத்தனும் தப்பியதில்லை. ஆஸ்பத்திரி ஆட்கள் நாங்கள் மட்டும் எங்கள் பங்கை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு குடிப்போம். அது ஐயா கொடுத்த சலுகை.

அப்போது இருந்த பெரிய துரைக்குப் பறவைக் கிறுக்கு. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கம்பிவலை போட்டு ஒரு கூண்டு கட்டினார். "பறவைக்கும் மருந்து வேணும், டிரஸ்ஸர் பார்த்துக்கட்டும்" என்று ஐயாவிடம் விட்டார். ஐயா என்னிடம் விட்டார். கிளி, மைனா எல்லாம் என்னிடம் கொழுத்தன. பிறகுதான் புனாய் வந்தது.

பிடித்து வந்தவர் பக்கத்துக் கம்பத்தில், மலாய்க்காரர் கிராமத்தில், இருந்த பாக் சாலே என்கிறவர். காட்டு ஓரத்தில் ஓர் ஆரா மரம் இருந்தது. நம் ஆலமரத்துக்குச் சொந்தம், காடு மூடுகிற அளவு பெரிசு. அது பழுத்தால் கூட்டம் கூட்டமாகப் புனாய் வரும். கிளையில் பிசின் தடவிப் பிடிப்பார். அந்த முறை ஒரு சோடி கிடைத்தது. வீட்டுப் புறாவைவிடப் பெரிசு. உடம்பெல்லாம் ஈரமான இலைப் பச்சை. கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல், மஞ்சள் கால், கிளி மாதிரி நுனி வளைந்த தடித்த மூக்கு. ஆணுக்கு மார்பில் ஆரஞ்சுப் பட்டை, பெண்ணுக்கு வெறும் மஞ்சள். சத்தம் புறா மாதிரிக் கூவல் இல்லை, கிழவன் குறட்டை விடுகிற மாதிரி இருக்கும்.

புறாதானே என்று நாங்கள் நெல்லும் கம்பும் வைத்தோம். திரும்பியும் பார்க்கவில்லை. ஆண் தானியத்துக்கு நடுவில் உட்கார்ந்தபடியே செத்தது. வயிற்றைத் தடவிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. என் கையில் ஒன்று பட்டினியாகப் போய்விட்டது.

துரை வந்து பார்த்தார். லீவில் சீமைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பறவையைக் கூடவே கொண்டுபோக அவருக்கு ஆசை. "ஆயா, இந்தப் பொட்டை சாப்புடுமா?"

"சாப்பிடும் தொரை."

"சாப்புடலன்னா சொல்லு. எளைச்சுப் போறதுக்கு முன்ன சுட்டுத் தோல எடுத்துக்குறேன். தோலாவது கப்பல் ஏறட்டும்."

அன்றிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை. நோயாளிக்குக் கஞ்சி ஊற்றும்போதும் காது கூண்டில் இருந்தது. பாக் சாலேயிடம் ஆராப் பழம் கேட்டேன், கூடையில் கொண்டுவந்து கொட்டினார். பறவை பழத்தையும் தொடவில்லை. தட்டில் இருக்கிற எதுவும் அதற்குச் சாப்பாடாகத் தெரியவில்லை. வலையில் முட்டும், விழும், மறுபடி முட்டும். காட்டில் கோடாலிச் சத்தம் வேறு. ஒரு மரம் சாய்ந்தால் இது ஒரு தரம் அடித்துக்கொள்ளும்.

புறாக் குஞ்சு தாயின் வாய்க்குள் மூக்கை விட்டுத்தானே தின்கிறது? பெரிசானாலும் அது மறந்திருக்காது என்று தோன்றியது. பழத்தை மென்றேன், கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக் கன்னத்தில் அடக்கினேன், பறவையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து, உதட்டைக் குவித்து அதன் மூக்கை உள்ளே வாங்கினேன். முதல் தரம் உதட்டைக் கிழித்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது, காட்டினேன், அந்தப் பெண்கள் தொட்டுப் பார்த்தார்கள். கிழித்தால் கிழிக்கட்டும் என்று விடாமல் செய்தேன். ஒரு காலை அது உறிஞ்சியது. தொண்டை ஏறி இறங்கியது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அந்த நேரம் பார்த்து ஐயா வந்தார்.

"என்ன செய்யிறாய்?"

வாயில் பழம். பதில் சொல்ல முடியவில்லை.

"எச்சில்! ஆஸ்பத்திரி வளவுக்குள்ளை உந்த வேலை வேண்டாம்." ஒரு பழத்தை எடுத்துப் பிட்டு என் முகத்துக்கு நேரே நீட்டினார். உள்ளே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் கறுப்புப் பூச்சிகள் ஊர்ந்தன. "இதுக்குள்ளை எத்தினை உயிர் கிடக்கு, பார். இதையோ மெல்லுறாய்?"

"நான் கருவாடு திங்கிறவ ஐயா. இது எனக்கு என்ன?"

அவர் உள்ளே போனார். ஊதா மருந்துத் தண்ணீரை ஒரு குவளையில் கலக்கி வைத்து, ஒவ்வொரு முறை ஊட்டிய பிறகும் வாய் கொப்பளிக்க வேண்டும் என்றார். அதுதான் அவர் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

பறவை தேறி வந்தது. அப்போதுதான் எனக்குக் காய்ச்சல் வந்தது.

குளிர் முதுகில் ஏறிப் பல் அடித்துக்கொண்டது. ஐயா கொய்னாவை மூன்று வேளையாக்கினார். குடித்துவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டே கூண்டுக்குப் போனேன். பழத்தை மென்று வாயில் வாங்கினேன். பறவை ஒரு மிடறு உறிஞ்சித் தலையை உதறியது. எல்லாவற்றையும் என் முகத்திலேயே தெளித்தது. பல்லை விளக்கினேன், புளி மென்றேன், உப்பு போட்டுத் தேய்த்தேன். என் எச்சிலிலேயே கசப்பு. மறுநாள் மூக்கை என் பக்கம் திருப்பவே மாட்டேன் என்றது. நெஞ்செலும்பு கத்தி மாதிரி மறுபடி துருத்தியது.

வேறு யார் வாய் இருக்கிறது? தோட்டத்தில் எல்லார் வாயும் விடியும்போதே கொய்னாவில் நனைகிறது. ஆஸ்பத்திரிச் சமையல்காரி குப்பம்மாவுக்குக் காலையில் மருந்து கிடையாது, ஆனால் வெற்றிலையும் புகையிலையும் இல்லாமல் அவள் வாயை யாரும் பார்த்ததில்லை. கேட்டுப் பார்த்தேன்.

"அடி போடி! எம் புருசனுக்கே நான் ஊட்டுனதில்ல, காட்டுப் புறாவுக்கு ஊட்டவா?"

நான் ஒரு முடிவு செய்தேன். மருந்தை வாயில் வாங்கி, ஐயா திரும்பியதும் கால்வாயில் துப்பினேன். பிறகு நன்றாகக் கழுவிவிட்டுப் பறவைக்கு ஊட்டினேன். பறவை குடித்தது. நான் நடுங்கினேன். அது எடை ஏற ஏற எனக்குக் கண் மஞ்சளித்தது. நடக்கும்போது தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. படுக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கூண்டுக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

ஐயா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு காலை நான் கால்வாய் ஓரம் பழக்கூடையோடு உட்கார்ந்திருந்தபோது மருந்துக் குவளையை நீட்டினார். வாங்கி ஊற்றிக்கொண்டேன். அவர் போகவில்லை.

"பேரைச் சொல்லு."

வருஷக்கணக்கில் அவர் பக்கத்தில் நின்று மற்றவர்கள் கன்னத்தைப் பார்த்தவள் நான். இன்றைக்கு என் கன்னம் உப்பியிருந்தது. அவர் கண்ணைப் பார்த்தபடியே கால்வாயில் துப்பினேன். மறைக்க நினைக்கவில்லை.

"இதைக் குடிச்சா அது என் வாயத் தொடாது ஐயா. இப்ப விட்டா செத்துப்போயிரும். தொரை சுட்டுருவாரு."

"குடிக்காட்டி நீ செத்துப்போவாய்."

"நான் தாங்குவேன். அது தாங்காது."

கூண்டுப் பக்கம் பார்த்தார். என் மடியில் இருந்த பழக்கூடையைப் பார்த்தார். குவளையில் மறுபடி மருந்தை ஊற்றினார்.

"மருந்தைக் குடி. பழத்தை இஞ்சை தா."

எனக்குப் புரியவில்லை. அவர் கை நீட்டியபடியே நின்றார். குடித்தேன். என் பேரையும் அப்பன் பேரையும் கேட்காமலே சொன்னேன். பழத்தைக் கொடுத்தேன்.

ஐயா பழத்தைப் பிட்டார். பூச்சி ஊர்ந்தது. ஊதினார். சில பறந்தன, சில போகவில்லை. சுண்டுவிரல் நகத்தால் தட்டினார். இன்னும் இருந்தன. நெற்றி விபூதியில் வேர்வை இறங்கியது. உதடு ஏதோ முணுமுணுத்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டு மென்றார். நான் பறவையைத் துண்டில் சுற்றிக் கொடுத்து, உதட்டை எப்படிக் குவிக்க வேண்டும் என்று காட்டினேன். பறவை மூக்கை நீட்டியது, உதட்டை விட்டுவிட்டு மீசையைப் பிடித்துக்கொண்டது! இழுத்த இழுப்பில் ஐயாவுக்குக் கண்ணில் தண்ணீர். விடவில்லை அவரும். மீசையை விலக்கி மறுபடி கொடுத்தார். ராத்திரிதானே அவர் கொய்னா குடிப்பது, காலையில் அவர் வாயில் கசப்பு இல்லை. பறவை உறிஞ்சியது.

மறுநாள் ஐயா மீசை இல்லாமல் வந்தார். பெரட்டுக் களமே பார்த்தது.

"ஐயா, மீசை எங்கேங்க?" என்று குப்பம்மா கேட்டாள்.

"வெக்கை" என்றார் ஐயா.

நான் கட்டிலில் கிடந்தேன். பின்பக்கம் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும். பிறகு கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இருக்காது. பிறகு அவர் வாய் கொப்பளிக்கிற சத்தம், நெடுநேரம். எனக்கு நிம்மதியும் இல்லை, ஒரு பக்கம் பொறாமையாகவும் இருந்தது. என் பறவை இன்னொருத்தர் வாயைத் தேடுகிறதே!

கதவைச் சாத்தினாலும் கம்பிவலைக்குப் பின்பக்கம் திறப்புதானே. துரை அந்த வழியாக வந்து பார்த்துவிட்டார். கெட்ட மனுஷன் இல்லை, ஆனால் அவருக்கு எல்லாமே வேடிக்கை. கை தட்டிச் சிரித்தார். "டிரஸ்ஸர்! ஞாயித்துக்கிழமை பறவையோட பங்களாவுக்கு வா. சுத்துப்பட்டுத் தொரைமாரெல்லாம் வர்றாங்க. எல்லாரும் இதைப் பாக்கணும்."

ஐயா, "சரி, சேர்" என்றார். வேறென்ன சொல்ல முடியும்?

பங்களாவில் விருந்து என்றால் ஆபீஸில் கணக்கெழுதுகிற பெரிய கிராணியும் அங்கே நிற்பார். அவரும் யாழ்ப்பாணத்துக்காரர், ஐயாவைவிட ஆசாரம். அவர் மகனுக்குத்தான் ஐயாவின் மகளைப் பேசிக்கொண்டிருந்தார்கள். பூச்சிப் பழத்தை மென்று பறவை வாயில் வைக்கிற வீட்டில் பெண் எடுப்பார்களா? இதைக் குப்பம்மாவே வந்து என் கட்டிலில் உட்கார்ந்து சொன்னாள். "ஒன் புறாவால ஒரு கல்யாணம் நிக்கப்போவுது, காத்தாயி."

ஐயா வழக்கம்போல வந்தார், மருந்து கொடுத்தார், போனார். என்னால் படுத்திருக்க முடியுமா? சுவரைப் பிடித்துக்கொண்டு கூண்டுக்குப் போய் உட்கார்ந்தேன். பறவைக்கு இப்போது தெம்பு வந்திருந்தது. கூரை வலையில் வெளியிலிருந்து ஒரு கொடி நுழைந்து தொங்கியது. அது காலால் வலையைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கி அந்தக் கொடி இலையைத் திருகித் திருகி இழுத்தது. தின்பதற்கில்லை, சும்மா. இழுப்பதில்தான் அதற்கு ஆசை.

நாங்கள் உதிர்த்த பழத்தையே கொடுத்துக்கொண்டிருந்தோம். பறிக்க ஒன்றும் கொடுத்ததில்லை.

பாக் சாலேக்கு ஆள் அனுப்பினேன். பழத்தோடு கிளையாக வெட்டி வரச் சொன்னேன். ஞாயிறு காலைதான் வந்து சேர்ந்தார். அந்த மரத்தைச் சுற்றி வெட்டு ஆட்கள் வந்துவிட்டார்களாம், இதுதான் கடைசிக் கிளை என்று கையை விரித்தார். சோதித்துப் பார்க்க நேரமில்லை. ஐயா வார்டில் காலைச் சுற்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் சின்னக் கூண்டில் பறவையை வைத்து, கிளையைத் தோளில் சாத்தி, பங்களா மேட்டில் ஏறினேன். வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தேன்.

விறாந்தை முழுக்க வெள்ளைக்காரர்கள், கையில் கிளாஸ். தூணோரம் பெரிய கிராணி.

"டிரஸ்ஸர் எங்கே?" என்றார் துரை.

"ஆஸ்பத்திரியில ஆளுங்க கெடக்காங்க தொரை. பறவை என் பொறுப்பு, நான் வந்தேன்."

கிளையைக் கூண்டுக்குள் செருகி, பழம் தொங்குகிற மாதிரி மேல் கம்பியில் கட்டினேன். பறவை மூலையில் ஒடுங்கியது. எல்லாரும் பார்த்தார்கள். அது அசையவில்லை. ஒரு துரைசாணி விசிறியை மடக்கி ஏதோ சொன்னாள், சிரித்தார்கள்.

"ஆயா, இது ஆவாது. டிரஸ்ஸரைக் கூப்புடு."

"கொஞ்சம் பொறுங்க தொரை."

"கூப்புடு!"

நான் நகரவில்லை. பறவை கழுத்தை நீட்டியது. ஒரு காலை எடுத்துக் கிளையில் வைத்தது. இன்னொரு கால். நுனி வரைக்கும் நடந்து, அப்படியே தலைகீழாகத் தொங்கி, ஒரு பழத்தைக் கவ்வி, திருகி, பிடுங்கி, முழுசாக விழுங்கியது. அடுத்தது. அதற்கு அடுத்தது. தன் காட்டில் இருக்கிற மாதிரி, எங்கள் யாரையும் பார்க்காமல்.

துரை கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் தொரை."

விருந்தாளிகள் கிளாஸை நிரப்பிக்கொள்ளப் போனார்கள். பெரிய கிராணி கொட்டாவி விட்டார். வேடிக்கை முடிந்துவிட்டது. தோல் பேச்சும் முடிந்தது. பிறகு அந்தப் பறவை ரயிலேறிக் கப்பலேறிப் போனது, கூடவே வேறொரு மரத்தில் வெட்டிய ஆராக் கிளைக் கட்டுகளும் போயின. உயிரோடு போய்ச் சேர்ந்தது என்று துரை லீவு முடிந்து வந்து சொன்னார். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

அன்று கூண்டை இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினேன். பாதி வழியில் ஐயா எதிரே ஏறி வந்தார். துவைத்த கோட்டு, புது விபூதி. நடை வேகம். என்னைப் பார்த்ததும் நின்றார். அவர் கன்னம் உப்பியிருந்தது.

பழத்தை ஆஸ்பத்திரியிலேயே மென்று அடக்கிக்கொண்டு, அத்தனை பேர் முன்னால் ஊட்டத்தான் ஏறி வந்திருக்கிறார்.

"சாப்பிட்டிருச்சு ஐயா. கிளையிலேருந்து தானாப் பறிச்சு. நெறையச் சாப்பிட்டிருச்சு. இனிமே வாய் வேண்டாம்."

அவரால் பதில் சொல்ல முடியவில்லை. பங்களாவைப் பார்த்தார். குனிந்து கூண்டுக்குள் கையை விட்டு, பறவையின் தொண்டைப் பையை விரலால் மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். பை நிறைந்திருந்தது. பாதைக்கு இரண்டு பக்கமும் புதர்தான், திரும்பித் துப்பியிருக்கலாம். நான்கூட வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அவர் துப்பவில்லை. விழுங்கினார்.

"நல்லாப் பழுத்திருக்கு" என்றார்.